கண்ணீர் போதாது

— கஞ்சா வேண்டாம் பிரின்லி. கஞ்சாவைப் போன வாரமே மூணு பேர் எடுத்துக்கிட்டாங்க.

— அப்போ நான் என்னதான் எழுதித் தொலைக்கிறது ஸ்லோன்? பாஸ்டர் டஸ்டி ரெண்டு தடவை திருப்பிட்டார். பாரு, ஓரத்துல சிவப்பு மையில: "கண்ணீர் போதாது." இன்னிக்குக் கடைசி மணிக்குள்ள கையெழுத்து வாங்கலன்னா வெள்ளிக்கிழமை மேடையில "பாவியா இருந்தேன், இரட்சிக்கப்பட்டேன்"னு என் சாட்சி இல்ல. சாட்சி சொல்லலன்னா பட்டமளிப்புல தொப்பி இல்ல. பள்ளிக்கூட நிர்வாகக் குழுத் தலைவர் மக தொப்பியில்லாம உட்கார்ந்திருந்தா எங்கப்பா முகம் எங்கே போகும்?

— சரி, மூக்கை உறிஞ்சாதே. நிஜத்துல நீ எப்போ இரட்சிக்கப்பட்டே?

— நாலு வயசுல. கோடை லீவு வேதாகம வகுப்புல. "இயேசு யாருக்கு வேணும்"னு கேட்டாங்க. கை தூக்கினேன்.

— நாலு வயசுலயா! அதுக்குள்ள என்னடி அட்டூழியம் பண்ணியிருப்பே? கலர் பென்சிலைக் கடிச்சியா?

— சிரிக்காதே. இன்னொண்ணும் இருக்கு. அந்த டீச்சர் கையில குச்சி ஐஸ் பெட்டி இருந்துது. நான் அதுக்குத்தான் கை தூக்கினேன்.

— அடியே! நாலு வருஷமா இந்தச் சேப்பல் ஜெபப் பெஞ்சைத் தேய்க்கிறேன், நான் கேட்டதுலயே நிஜமான சாட்சி இதுதான். இதை எழுது!

— எழுதினேன். முதல் தடவை திருப்பினது அதைத்தான்.

— ரெண்டாவது தடவை?

— சில நாள் ஜெபம் பண்ணும்போது அந்தப் பக்கம் யாருமே இல்லாத மாதிரி இருக்குன்னு எழுதினேன்.

— உனக்குக் கிறுக்கா? சந்தேகத்தை யாராவது எழுதுவாங்களா? போன வருஷம் ஒருத்தன் எழுதிட்டு ஆறு வாரம் ஆலோசனை வகுப்புல காய்ஞ்சான். குடிச்சிட்டு அப்பா காரை ஏரிக்குள்ள விட்டவனுக்குக் கைத்தட்டல். பாவம்னா பார்க்க லட்சணமா இருக்கணும்டி. காணிக்கை கொடுக்கிற அம்மாமாருங்க கைக்குட்டையை எடுக்கணும்.

— ஐயோ ஆண்டவரே, என்கிட்ட அப்படி ஒண்ணுமே இல்லையே.

— என்கிட்ட இருக்கு. மெக்சிகோ ஊழியத்துக்குப் போனோமே, அதை எடுத்துக்கோ.

— அந்த வோட்காவா?

— அதேதான். வருஷத்துக்கு ஏழு பள்ளிக்கூடம் வந்து பெயிண்ட் அடிக்குமே, அந்த அனாதை இல்லத்துச் சுவரு. அங்கே நான் வாய் கொப்புளிக்கிற நீலத் தண்ணி பாட்டில்ல வோட்கா கொண்டுவந்த கதை. நான் குடிச்சதை நீ குடிச்சதா எழுது.

— தண்டனை வராதா?

— பிடிபட்டாத்தான் தண்டனை. சாட்சியில சொன்னா மன்னிப்பு. நாலு வருஷம் படிச்சு இதுகூடத் தெரியலையா? ஆனா ஒண்ணு, என் பேரு மட்டும் வரக்கூடாது. இன்னும் ஒரே ஒரு கரும்புள்ளி விழுந்தா நான் வெளியே. எங்கம்மா இங்க தட்டு கழுவறதாலதான் எனக்கு இந்த இடமே.

— சொல்லமாட்டேன்.

— சத்தியமா?

— சத்தியம் பண்ணக்கூடாதுன்னு வேதத்துல இருக்கு. ஆனா சொல்லமாட்டேன்.

— செல்லங்களா! மதியச் சாப்பாட்டை விட்டுட்டு சேப்பல்ல உட்கார்ந்திருக்கீங்க. இதுதான் தாகம், ஆமென்?

— ஆமென், பாஸ்டர் டஸ்டி. நான் என் சாட்சியை... திருத்திட்டேன். வாயால சொல்லட்டுமா?

— சொல்லும்மா பிரின்லி. மனசை உடைச்சு ஊத்து.

— மெக்சிகோ ஊழியத்துல நான் வோட்கா குடிச்சேன். குளியலறைத் தரையில விழுந்து கிடந்தேன். அப்போ பக்கத்து அறையில அந்த அனாதைப் பிள்ளைங்க பாடினாங்க...

— ஓ! ஓ, என் செல்லமே. இத்தனை நாள் இதையா மறைச்சு வெச்சிருந்தே? வாந்தி எடுத்தியா?

— எடுக்கணுமா?

— எடுத்தா நல்லா இருக்கும்.

— எடுத்தேன்.

— பாரு, எனக்கே கண்ணு கலங்குது. நம்ம டல்சா ஊரே அழப்போகுது. சரி, பாட்டிலை யாரு கொடுத்தது?

— யாரோ ஒரு... சிநேகிதி.

— பேரு?

— பேரு இல்லாம சொல்லக்கூடாதா, பாஸ்டர்?

— பாதி அறிக்கைக்குப் பாதி விடுதலைதான், ஆமென்? பேனா திறந்தே இருக்கு பாரு. உங்கப்பா காலையிலகூட போன் பண்ணினார்.

— பிரின்லி. என்னைப் பாரு. அந்தப் பேனாவைப் பார்க்காதே.

— சொன்னா இப்பவே கையெழுத்து போடுவீங்களா?

— இங்கேயே, இந்தப் பெஞ்சு மேலேயே.

— ஸ்லோன்தான்.

— அடிப்பாவி.

— ஸ்லோன், வார்த்தை! எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு மகளே. முதல்வர் அறைக்குப் போ, பின்னாடியே வர்றேன்.

— அப்போ நானும் அதைச் சாட்சியில சொல்லிடறேன் பாஸ்டர். மன்னிப்பு உண்டுல்ல?

— அது இப்போ பிரின்லியோட சாட்சி ஆயிடுச்சேம்மா. ஒரே பாட்டிலை ரெண்டு பேர் சொன்னா கேக்கறவங்களுக்குச் சலிச்சுடும். அதுவும் இல்லாம நீ உன்னோடதைப் போன மாசமே சொல்லிட்டே. சிகரெட்டு.

— அப்போ நிஜத்தைக் கேட்டுக்கோங்க. அந்தப் பாட்டில்ல இருந்தது வாய் கொப்புளிக்கிற தண்ணிதான். வோட்காவை நான் மோந்துகூடப் பார்த்ததில்ல. சிகரெட்டும் பொய்.

— ஸ்லோன்! தள்ளாடிக்கிட்டே வந்தியே?

— தட்டு கழுவறவ மகள்னு கூப்பிடறதுக்கு, கெட்டவள்னு கூப்பிட்டாப் பரவாயில்லன்னு இருந்துது பிரின்லி. அதான் தள்ளாடினேன்.

— மறுக்கிறது முதல் கட்டம் மகளே. எல்லாருக்கும் அப்படித்தான். போ.

— போறேன். முதல்ல சமையல்கட்டுக்குப் போய் அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். இந்தா பிரின்லி, உன் தாளு. தொப்பி கோணாம வெச்சுக்கோ.

— ஸ்லோன், நில்லு... பாஸ்டர், அவ போறா!

— போகட்டும். களையைப் பிடுங்கினாத்தான் பயிர் நிமிரும். இந்தாம்மா, கையெழுத்து. இன்னும் ஏன் அழறே?

— பாஸ்டர், வோட்கா பொய். எல்லாமே பொய். நான் நிஜமாப் பண்ணினது ஒண்ணே ஒண்ணுதான், இப்போ, இங்கே. தொப்பிக்காக என் சிநேகிதியைக் காட்டிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அதைச் சொல்லட்டுமா?

— அட, அதை விடும்மா. அதுக்கெல்லாம் யாரு அழப்போறாங்க?