திராட்சைத் தோலும் திருவாளர் விஞ்ஞானியும்

முக்கியச் செய்தி. பழச்சாறு ஆலையின் பின்புறக் குப்பைமேட்டிலிருந்து நான் ஒரு கூடைத் தோலை அள்ளி வந்ததால், மனமுடைந்த இரண்டு ஈக்கள் நேற்றுக் காலை பத்தே காலுக்கு இடம்பெயர்ந்தன. மௌன அஞ்சலி வேண்டாம், கைதட்டினால் போதும்.

நாற்காலிக்குப் பெருமை சேர்க்கும் தலைவர் அவர்களே, பரிசளிக்க வந்திருக்கும் ஆலை முதலாளி ஐயா அவர்களே, என் மதிப்பெண்ணைப் பார்த்தபின்னும் என்னை மேடையேற்றிய பெருந்தன்மைமிகு ஆசிரியர்களே, இவன் இன்றாவது உருப்படுவானா என்று காத்திருக்கும் தாய்மார்களே, வணங்குகிறேன்.

திராட்சை தன் சிவப்பை எங்கே வைத்தது? தோலில். உடம்புக்கு நல்லதை எங்கே வைத்தது? அதுவும் தோலில். அந்தத் தோலை எங்கே கொட்டுகிறோம்? வேலிக்குப் பின்னால். கொட்டிவிட்டு, சிவப்புச் சாயப்பொடியை டப்பா டப்பாவாக வாங்கி அதே சாற்றில் கலக்கிறோம். ஆகா, இதுவல்லவோ அறிவு! முதலாளி ஐயா சிரிக்கிறார். கோபமில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த அவலம் துடைக்க அவதரித்தவன் யார்? அடியேன். யாரது பின்வரிசையில் இருமுவது? அண்ணே, தண்ணி குடிங்க. அதோ அந்தச் சிவப்புப் புட்டி, தோலிலிருந்து எடுத்த சாயம். கண்காட்சியில் அதைப் பார்த்ததும் முதலாளி கேட்டார்: “எப்படிப்பா எடுத்தே?” விளக்க அட்டையைக் காட்டினேன். “ஒரு மணி நேரம் தளதளன்னு கொதிக்க வச்சேன் சார்.” முதல் பரிசு. அதோடு நின்றிருந்தால் எனக்கு இப்படி வேர்த்திருக்காது.

சற்றுமுன் ஐயா அறிவித்தார்: என் அட்டைப்படியே ஆலையில் புதுப்பிரிவு, நாளையே கொதிகலன். பிழியும் இயந்திரம் வந்ததால் வேலை போகவிருந்த எட்டுப் பெண்களுக்கும் அங்கே வேலை. ஆனால் முதல் சரக்கு கெட்டால் பிரிவையே மூடிவிடுவார்களாம். அந்த எட்டுப் பேரில் ஒருவர் என் சித்தி. மூன்றாவது வரிசையில் இருந்து என்னையே பார்க்கிறார்.

ஐயா, கொதிகலன் வாங்க வேண்டாம். அட்டையை முதலில் எழுதினேன். ஆராய்ச்சியை அப்புறம்தான் செய்தேன். கொதிக்கவைத்ததில் சேற்றுத் தண்ணீர்தான் வந்தது. சித்தி எட்டிப் பார்த்தார். “மக்கு, பதினெட்டு வருஷமா இந்தக் கறை என் கையில இருக்கு. சுடுதண்ணி பட்டா பழுப்பாகும், எலுமிச்சை பட்டா செவக்கும். எலுமிச்சைத் தண்ணில ஊறப்போடுடா.” நான் சொன்னேன், “உங்களுக்கு என்ன சித்தி தெரியும்?” அவரே ஊறவைத்தார், அவரே வடிகட்டினார். நான் செய்தது புட்டியில் என் பெயரை ஒட்டியது மட்டும். அதுவும் கோணல்.

பொறுத்தருளிய அனைவருக்கும் நன்றி, வணக்கம். ஐயா, செய்முறை மூன்றாவது வரிசையில் கிடைக்கும். சித்தி, திட்டுறதை வீட்டுக்குப் போய் வச்சுக்கலாமா?