மகள் கேட்ட பட்டிப்பூக் கண்டு

திருகோணமலையில் கிண்ணியா பஸ்ஸுக்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் முக்காடு போட்ட ஒரு பெண், பால்மா டின்னில் நட்ட பட்டிப்பூக் கண்டை, அதுதான் நித்தியகல்யாணிக் கன்றை, வைத்திருந்தார். அவருக்கு முன்னால் நின்ற பொட்டு வைத்த பெண் திரும்பிப் பார்த்தார்.

"சவக்காலையில புதைகுழி மேல பூக்கிற பூவை ஏன் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டு போறீங்கள்?"

"மகள் கேட்டா அக்கா. அவவுக்கு ரத்தத்தில புற்றுநோய். இந்தச் செடியில எடுத்த மருந்தைத்தான் ஊசியில ஏத்தினாங்க."

"இப்ப எப்பிடி?"

"சுகம். பள்ளிக்கூடம் போறா. தன்ட மருந்து பூக்கிறதப் பார்க்கணுமாம்."

அந்த அக்கா கண்டின் இலையொன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ர தம்பியின்ர மகனுக்கும் உதே ரத்த வருத்தம்தான். ஊசி ஏத்தினால் பிள்ளை தாங்க மாட்டான் எண்டு தம்பிக்குப் பயம். இதை அவிச்சுக் குடுத்தால் காணாதோ, ஊசியும் வேணுமோ?"

"ஏலாது அக்கா. இலையில நஞ்சும் இருக்கு. மூட்டை மூட்டையா இலையில இருந்து துளி மருந்துதான் பிரிச்செடுக்கலாமாம். டொக்டர் அளந்து ஏத்தினாத்தான் அது மருந்து. மகளுக்கு முடியெல்லாம் கொட்டினதுதான். இப்ப ரெட்டைப் பின்னல் போடுறா."

பஸ் வந்தது. அக்கா ஏறவில்லை. வரிசையை விட்டு விலகி நின்று ஃபோனில் பேசினார்.

"தம்பி, நாளைக்கே பிள்ளையைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம். நானும் வாறன்."