வீட்டுப் பக்கத்து ஓசை

மரத்தைத் தட்டிப் பார்ப்பதும் தர்ப்பூசணியைத் தட்டிப் பார்ப்பதும் ஏறக்குறைய ஒரே வேலைதான், இன்ஸ்பெக்டர் ஐயா. நல்ல காது இருந்தால் போதும். நகராட்சி எனக்குச் சம்பளம் தருவது அதற்குத்தான். மரச்சுத்தியலால் தெருவோர மரங்களைத் தட்டி, எது நிற்கும், எது சாயும் என்று சொல்வேன்.

அக்காவின் கணவருக்கு இது பெரிய வேடிக்கை. 'மரங்கொத்தி' என்று எனக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். நான் சாப்பிட உட்கார்ந்தால் மேசையை டொக் டொக்கென்று தட்டுவார். எனக்குக் கல்யாணம் பேசப் போன வீட்டிலும் தட்டினார்.

"பொண்ணு தலையையும் தட்டிப் பாத்துக்கோ மாப்ள, உள்ளே காலியா இருக்கப்போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பேச்சு அத்தோடு முடிந்தது. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

போன வருடம் அவர் மாடியில் படுக்கையறை கட்டினார். ஒட்டினாற்போல் ஒரு பெரிய வாகை. அக்கா பயந்துபோய், வெட்டிவிடலாம் என்றாள். என்னைக் கூப்பிட்டார்கள். தெருப்பக்கம் தட்டினேன், கெட்டியாகக் கேட்டது. வீட்டுப் பக்கம் தட்டினால் காலிப் பீப்பாய். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான். உள்ளே உளுத்துப்போயிருந்தது. மேலே மட்டும் ஒரே பச்சை. மரத்துக்கு உயிர் பட்டையை ஒட்டித்தான் ஓடுகிறது, வயிறு காலியானாலும் தலை தழைக்கும்.

எனக்குள் என்னமோ குறுகுறுத்தது. ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்புகிற நொடி இருக்கிறதே, அப்படி. மாமாவைத் தெருப்பக்கம் அழைத்துவந்து, மரத்தில் காதை வைக்கச் சொல்லித் தட்டிக் காட்டினேன். கல்லு மாதிரி இருக்கிறது என்றேன். கட்டிலை ஜன்னலோரம் போட்டால் நல்ல காற்று வரும் என்றும் சொன்னேன். மரங்கொத்திக்கும் மூளை இருக்கிறது என்று அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அப்புறம் ஞாயிறுதோறும் போனேன். அக்கா கண்ணில் படுவதற்குள் புதுக் காளானைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். திரும்பும்போது பஸ்ஸில் சிரிப்பை அடக்க முடியாது, பக்கத்து சீட்டுக்காரர்களும் காரணம் தெரியாமல் சிரிப்பார்கள். கால் தரையில் பாவவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் வாழ்ந்ததே இல்லை.

நேற்று மதியம் காற்று சுழற்றி அடித்தது. நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா போன் செய்தாள்.

"டேய், மரம் கிரீச்சுனு கத்துதுடா. மாமா மேலே தூங்குறாரு. எழுப்பிக் கீழே வரச் சொல்லட்டுமா?"

"நீ எங்கே இருக்க?"

"கீழே, சமையல்கட்டுல."

"அங்கேயே இரு, அக்கா. மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. அவரு நல்லா தூங்கட்டும்."

போனை வைப்பதற்குள் அந்தச் சத்தம் கேட்டுவிட்டது.

விழும் என்று தெரிந்துதான் சொன்னேன், ஐயா. ஆனால் அசந்து தூங்குகிற மனிதரை எழுப்பச் சொல்லும் அளவுக்கு நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்லன்.