இருட்டில் இருக்க வேண்டிய எலி

கஜபதி: ஸ்கேன் குச்சிய அழுத்தாதம்மா. எலிக்கு வலிக்கப்போவுது.

புஷ்பா: மயக்கத்துல இருக்கு, கஜபதிண்ணே. நீங்க அதோட தொடையை அசையாம பிடிங்க... புத்துக்கட்டியைக் காணோமே.

கஜபதி: எங்க பூடும்? நல்லா பாரு.

புஷ்பா: போன வாரம் ஸ்கேன்ல புளியங்கொட்டை மாதிரி இருந்தது. இப்ப மிளகு.

கஜபதி: நல்லதுதான?

புஷ்பா: இது அடையாளத்துக்குக் காது வெட்டின எலிண்ணே.

கஜபதி: தெரியும். வெட்டுனதே நான்தான்.

புஷ்பா: இதுக்கு மருந்து மட்டும்தான். செவப்பு லைட்டு காட்டக் கூடாது. லைட்டு படாம மருந்து வேலை செய்யாது. பட்டதுக்கும் படாததுக்கும் என்ன வித்தியாசம்னு ஸ்கேன்ல காட்டுறதுதானே என் ஆராய்ச்சியே.

கஜபதி: ஸ்கேன் பசை கம்மியா தடவிகினியோ இன்னாவோ.

புஷ்பா: இருக்கும்... மெஷினும் பழசு.

கஜபதி: அதான். புள்ளத்தாச்சிங்க வயித்தப் பாத்துகினு இருந்த மெஷினு. எலி எங்க புடிபடும்?

புஷ்பா: மத்த எலியெல்லாம் பிடிபடுதே.

கஜபதி: இந்தா, இன்னும் கொஞ்சம் பசை தடவிப் பாரு.

புஷ்பா: நாளைக்கு கைடு ரகுநாதன் சார் பார்ப்பார். மொதல்லேர்ந்து செய்யச் சொல்லிட்டா? ஆவடி குவார்ட்டர்ஸ் பூரா அப்பா சொல்லி வச்சிருக்கார், இந்த வருஷம் பொண்ணு டாக்டர்னு.

கஜபதி: திருவேற்காட்டு அம்மன் புண்ணியத்துல தானா கரைஞ்சிருக்கும்.

புஷ்பா: எலிக்கு வேண்டிக்கிட்டீங்களா?

கஜபதி: வேண்டிகினா தப்பா?

புஷ்பா: அண்ணே... எலிங்க இருக்குற இருட்டு ரூம் சாவி உங்ககிட்ட இருக்கு.

கஜபதி: உன்னாண்டயும்தான் கீது.

புஷ்பா: என்னைப் பார்த்துச் சொல்லுங்க.

கஜபதி: ...ஒரே ஒரு தபா. நீ பஸ்ஸுக்குப் போனப்புறம். பக்கத்துப் பொட்டியில எல்லாம் தேறிகினு வருது. இது மட்டும் மூலையில குந்திகினு என் மூஞ்சியவே பாத்துது. நீ காட்டுற மாதிரியே லைட்டப் புடிச்சேன். திட்டுறதுன்னா திட்டிடு.

புஷ்பா: திட்டல.

கஜபதி: சாராண்ட என் பேரச் சொல்லு. வேலைய உட்டு தூக்குனா தூக்கட்டும். உன் படிப்பு நிக்கக் கூடாது.

புஷ்பா: வேணாம்ண்ணே.

கஜபதி: எனக்காவ பொய் எழுதுவியா?

புஷ்பா: பொய் இல்ல. இந்த எலிக்கு ரெண்டு தடவை லைட்டு பட்டுதுன்னுதான் எழுதணும்... அன்னிக்கு நீங்க டீ குடிக்கப் போனப்போ, நானும் காட்டிட்டேன்.