விசா இருக்கிற தாள்

வவுனியாவில் பாஸ்போர்ட் அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா ஒருவரின் கையில் சவர பிளேட் ஒன்று இருந்தது.

"பிள்ளை, பாஸ்போர்ட் புத்தகம் நிரம்பிப்போச்சு. ஆனா கனடா விசா இன்னும் நாலு வருசம் கிடக்கு. அந்தத் தாளை மட்டும் வெட்டிப் புதுசில ஒட்டட்டோ?"

பக்கத்தில் நின்ற பெண் பதறிப்போனாள்.

"ஐயோ அம்மா, வெட்டினா விசா செல்லாது! பழைய புத்தகத்தையும் திருப்பித் தருவினம். ரெண்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கோ."

அந்த அம்மா பிளேட்டைக் கடதாசியில் சுற்றினார்.

"சண்டையில இடம்பெயரேக்க கலியாண அல்பம் பாரமெண்டு படங்களை மட்டும் கழட்டிக்கொண்டு ஓடினனாங்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் என்ர மனுசன் ஆக்களின்ர பேர் எழுதி வைச்சவர். எழுத்து அல்பத்தோட போச்சு. இப்ப கேட்க மனுசனும் இல்லை. படத்தில கனபேர் ஆரெண்டே தெரியேல்லை."

பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அண்டைக்கும் ஆராவது இப்பிடித் தடுத்திருக்கலாம்."