நட்சத்திரக் குறி நின்ற வரி

எனக்குச் சொல்லிக்கொடுப்பது பிடிக்கும் சார். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

கொள்ளிடத்தில் தண்ணீர் திறக்கும்போது கரையோரத்து ஜனங்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்புவது, தஞ்சாவூரில் இருக்கும் எங்கள் சின்னக் கம்பெனியின் மென்பொருள். அது பல துண்டுகளாக, தனித்தனிப் பெட்டிகளில் ஓடும். கன்டெய்னர் என்போம். ஒரு பெட்டி நின்றுபோனால் அதேபோல் இன்னொன்றை எழுப்ப மேலே ஒரு மேற்பார்வை மென்பொருள் உண்டு. இந்த மொத்த ஏற்பாடுதான் கிளஸ்டர். புதிதாக வருகிறவர்கள் உடைத்துப் பழக, இதையே சின்னதாக லேப்டாப்புக்குள் அமைத்துக் கொடுப்போம்.

நுஸைபாவுக்கு நான்தான் அமைத்தேன். வேலைக்கு வந்து மூன்று வாரம். முந்தின நாள் கூட்டத்தில், என் வரைபடத்தில் இருந்த தப்பை எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே காட்டினாள். சரியாகத்தான் காட்டினாள்.

கட்டளை எந்தக் கிளஸ்டருக்குப் போக வேண்டும் என்பது ஒரு கோப்பில் இருக்கும். புதிதாக எழுதச் சோம்பல்பட்டு என் கோப்பையே அவளுக்குப் போட்டேன். அதில் இரண்டு வரி: லேப்டாப், நிஜம். நிஜம் என்றால் ஜனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் கிளஸ்டர். பட்டியலைக் கேட்டால், நடப்பில் இருக்கும் வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வரும்.

"மொத்தத்தையும் அழிச்சுட்டு மறுபடி கட்டிப் பாக்குறேன் சார். இது என் லேப்டாப்புலதானே? அப்புறம் திட்டக் கூடாது."

"தைரியமா அழிம்மா."

மொத்தத்தையும் அழித்தால், எழுப்பச் சொல்லும் குறிப்பும் சேர்ந்து போய்விடும். மேற்பார்வைக்கு வேலையே இருக்காது.

பதினொன்றேகாலுக்கு நிஜம் நின்றது. பத்து நிமிடத்தில் நான் மீட்டிருக்கலாம். அவளாகவே கண்டுபிடித்து என்னிடம் வந்து கேட்கட்டும் என்று டீ குடிக்கப் போனேன். பதினொன்று நாற்பதுக்குத் தண்ணீர் திறந்த தகவல் வந்தது. அதை அனுப்ப அங்கே எதுவும் இல்லை. திருக்காட்டுப்பள்ளிக்கு வடக்கே, ஆற்று மணல்திட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார் துரைராசு. மறுநாள் உடல் கிடைத்தபோது சட்டைப்பையில் போன் இருந்தது.

நுஸைபாவை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவளுடைய வாப்பா என்னைத் தேடி வந்தார். "நீங்க எவ்வளவு பொறுமையா சொல்லிக்கொடுத்தீங்கன்னு புள்ள சொல்லுச்சுங்க. உங்க பேரையும் கெடுத்துட்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையால் சாப்பிட முடியவில்லை. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவள் எண்டர் தட்டும் முன்பே நான் நட்சத்திரத்தைப் பார்த்தேன் சார். நிஜத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இனி ஆயுசுக்கும் அந்தக் குறியைப் பார்க்காமல் அவள் எண்டர் தட்ட மாட்டாள். அந்த அளவுக்கு நான் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.