நூற்றில் பத்துப் பேர்

தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் நான் யாரிடமும் பேச்சைத் தொடங்குவேன். பயந்தவர்களுக்கு வாய் உலர்ந்துபோயிருக்கும். அன்று மாமாவுக்கும் கொடுத்தேன். குடித்தார்.

மாமா என்றால் செத்துப்போன என் அக்காவின் கணவர். ஆபரேஷன் செய்துகொள்வதா, மாத்திரையோடு ஓட்டுவதா என்று இதய நோயாளிகளுக்கு விளக்குவது இந்த ஆஸ்பத்திரியில் என் வேலை. முடிவு அவர்களுடையது. ஆனால் அது எந்தப் பக்கம் சாயும் என்பது நான் ஆரம்பிக்கிற விதத்தில் இருக்கிறது. நூற்றில் தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள் என்றால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பத்துப் பேர் மேஜையிலேயே போய்விடுகிறார்கள் என்றால் செருப்பைத் தேடுவார்கள். கணக்கு ஒன்றுதான். படித்தவர்களும் இதில் ஏமாறுகிறார்கள், அவர்கள் கொஞ்சம் தலையாட்டிவிட்டு ஏமாறுவார்கள்.

மாமா ஒரு சட்டை வாங்க ஊரிலுள்ள கடையெல்லாம் ஏறி இறங்குகிற ஆள். அக்கா இதே இதய நோயில் மயங்கிக் கிடந்தபோது முடிவு அவர் கையில் இருந்தது. கையிலிருந்த காபி ஆறுவதற்குள் “ஆபரேஷன் வேண்டாம்” என்றார். அக்கா மழைக்காலத்தைத் தாண்டவில்லை. அவர் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, ஒரு சுற்றுப் பெருத்தார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இப்போது அவருக்கே வந்தது. மகளோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“ஆபரேஷன்ல நூத்துல பத்துப் பேர் மேஜையிலேயே போயிடறாங்க மாமா. மாத்திரையில பாதிப் பேர் வருஷம் தாண்டி நல்லாவே இருக்காங்க.”

மீதிப் பாதியை அவர் கேட்கவில்லை. பத்துப் பேரிலேயே நின்றுவிட்டார்.

“சித்தி, உங்க அப்பாவா இருந்தா நீங்க என்ன செய்வீங்க?” என்றாள் மகள்.

“அதை நான் சொல்லக் கூடாதும்மா. அப்பா இஷ்டம்.”

எங்கள் வேலையின் விதி அப்படித்தான்.

மாத்திரையே போதும் என்றார் மாமா. ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தாராம். மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

சாகட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் அக்காவைக் கொன்றவரோடு என்னை ஒரே தட்டில் வைக்காதீர்கள். அக்கா மயங்கிக் கிடந்த அன்றைக்கும் அவருக்கு விளக்கியது நான்தான். வேலைக்குப் புதிது, பத்துப் பேர் போய்விடுகிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் வாயில் வந்தது. அதைக் கேட்டுப் பயந்தது அவர்தானே?